இரமண முனிவரும் அண்ணாமலை உறைவும்

தில்லையைக் கண்டாரும், திருவாரூரிற் பிறந்தாரும், காசியில் உயிர் நீத்தாரும் வீடுபேற்றிற்கு உரியராவர் என்றும், திருவண்ணாமலைக்கு நினைத்தலொன்றே அமையும் என்றும் நம் நாட்டில் ஒரு வழக்கு நெடுங்காலமாக நிலவி வருகின்றது. இதனை ஊன்றி நோக்குவார்க்கு ஓர் ஐயம் நிகழும். முன்னைய மூன்றும் அவ்வத் தலத்தினை உடம்பொடு சென்று எய்துதலை வேண்டுவன. நினைத்தலோ எவ்விடத்திருந்தும் இயல்வது. அங்ஙனமாயின், அண்ணாமலையை நினைக்கும் ஒருவர் ஆண்டுச் சென்று உறைதல் எற்றுக்கு? 16 வயது நிரம்பிய இளமையில் அம்மலையை அடைந்து, அதன்பின் 53 ஆண்டுகளுக்கு மேலாக அதன் எல்லையை ஒருநாளும் நீங்காதிருந்த இரமண முனிவரது வரலாறு இவ்வையத்தைத் தெளிவித்தற்கு ஏற்றதாகலின், உறைவிடம் பற்றிய அளவில் அதனை ஈண்டுச் சுருங்கக் கூறுவாம். முனிவர்தம் கொள்கையை நம் சித்தாந்த சாத்திரங்களோடு வைத்து ஒப்புமையும் வேற்றுமையும் ஆராய்தல் இக்கட்டுரையின் நோக்கமன்று. அது தனியே ஆராயற்பாலது.

முனிவர் பிறந்த ஊர் பாண்டிநாட்டுத் திருச்சுழியல். சுந்தரமூர்த்தி நாயனாரது திருப்பதிகம் பெற்ற தலம் அது. 1879-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 30-ஆம் நாள், திருவாதிரைப் பெருவிழாவின் நள்ளிரவு கழிந்த பொழுதில், சுந்தரமையருக்கும் அழகம்மையாருக்கும் இரண்டாம் மைந்தராய்த் தோன்றினர். பிள்ளைப்பெயர் வேங்கடராமன் என்பது. 1892-இல் தந்தையார் காலஞ்சென்றனர். அதன்பின் தமையனாரோடு மதுரையிற் சிறிய தந்தையார் மனையில் வளர்ந்து, ஸ்காட் நடுத்தரப் பள்ளியிலும் அமெரிக்க மிஷன் உயர்நிலைப் பள்ளியிலும் பயின்றனர்.

1895-ஆம் ஆண்டின் இறுதியில், முதிய உறவினர் ஒருவர் மனைக்கு வந்தாராக, எங்கிருந்து வருகின்றீர் என வேங்கடராமன் வினவினர். அவர் அருணாசலத்தினின்றும் வருவதாகக் கூறினர். அப்பெயர் இளமை தொட்டே அவருள்ளத்தில் இன்னதென்று அறியாவாறு விளங்கிக்கொண்டிருந்தது. அது நிலவுலகில் ஓர் ஊர் என்பதும், புகைவண்டி ஏறி அதனை அடையலாகும் என்பதும் அன்றே அவர் அறிந்தன. பின்னர்ச் சின்னாளிற் பெரியபுராணம் கைக்குக் கிடைத்தது. சமயநூல் என அவர் ஆர்வத்தோடு கற்றது அதுவே முதலாவது. தொண்டர்தம் அன்பின் திறம் அவருள்ளத்தை உருக்கிற்று.

1896-ஆம் ஆண்டின் நடுவில், நோயொன்றும் இல்லாதிருக்கவே, தாம் இறந்துபடுவதாக ஓர் அச்சம் அவரைத் திடீரெனப் பற்றியது. மருத்துவரைத் தேடாது, முதியோரை அழையாது, உடம்பைப் பிணம்போற் கிடத்தித் தம்முள்ளே நோக்கினர். உடம்பு இறந்துபடினும் தாம் இறந்துபடுவதில்லை என்னும் உணர்வு அப்பொழுது தலைப்பட்டது. அது பின்னர் நீங்கிற்றிலது. அந்நாள் முதல் கல்வியிலும் விளையாட்டிலும் உள்ளஞ் செல்லாதாயிற்று. மாலைதோறும் தனியே திருவாலவாய்த் திருக்கோயிலுக்குச் சென்று, சொக்கேசர் திருமுன்பும் அங்கயற்கண்ணி திருமுன்பும் கூத்தப்பெருமான் திருமுன்பும் அறுபத்துமூவர் திருவுருவங்களின் முன்பும் கண்ணீர் பெருக நெடும்பொழுது நிற்பர்.

ஈண்டு நம்மனோர்க்கு ஒரு வினா எழுதல் இயல்பு. திருச்சுழியல் பாடல் பெற்ற தலம். திருவாலவாயோ மூவருள் இருவராற் பாடப்பெற்றதும் சங்கம் இருந்ததுமாகிய பெருந்தலம். நாடோறும் தம்மை உருக்கிய திருமுன்பு அங்கிருக்க, அதனை விடுத்து ஏனோ பிறிதொரு தலம் நாடினர்? தலங்களின் பெருமையை நிறுத்துச் சீர்தூக்கி உயர்ந்ததனைத் தெரிந்துகொண்டனர் என்று கூறுதற்கு அவர் வரலாற்றிற் சிறிதும் இடமின்று. அண்ணாமலைக்கு வழியேனும் அவர் செவ்வனே அறிந்திலர் என்பதைப் பின்வருவனவற்றான் அறியலாம்.

1896 ஆகஸ்டு 29-ஆம் நாட் பகலில், பள்ளியில் விதித்த தண்டமாக ஆங்கில இலக்கணப் பாடத்தைப் பன்முறை எழுதிக்கொண்டிருந்தவர், அதனை எறிந்துவிட்டுக் கண்மூடி அமர்ந்தனர். அதுகண்ட தமையனார், இங்ஙனம் இருப்பார்க்கு இவையெல்லாம் எற்றுக்கு என்னும் கருத்துப்பட இடித்துரைத்தனர். அச்சொல் உண்மையே என அவர் உள்ளம் ஏற்றது. பள்ளிக்குச் செல்வதாகக் கூறி எழுந்தாரிடம், தமது கல்லூரிச் சம்பளமாகிய ஐந்து ரூபாவையும் கட்டிவருமாறு தமையனார் பணித்தனர். பழைய நிலப்படமொன்றை நோக்கித் திண்டிவனமே அண்ணாமலைக்கு அணித்தாய நிலையம் என மதித்து, மூன்று ரூபா போதும் எனக் கொண்டு, எஞ்சிய இரண்டனையும் ஒரு முடங்கலோடு வைத்துவிட்டுச் சென்றனர். தம் தந்தையைத் தேடி அவர் ஆணைப்படியே புறப்பட்டமையும், யாரும் அதுபற்றி வருந்தவேண்டாமையும், தேடுதற்குப் பொருள் செலவிட வேண்டாமையும், சம்பளம் இன்னும் கட்டப்படாமையும் அம்முடங்கலிற் குறிக்கப்பட்டிருந்தன. அதன் அடியிற் கையெழுத்தின்று.

புகைவண்டியில் உடன்சென்ற இசுலாமியப் பெரியார் ஒருவர், விழுப்புரத்தினின்றும் திருவண்ணாமலைக்கே புகைவண்டி செல்லுதலைத் தெரிவித்தனர். விழுப்புரத்தில் இறங்கியபொழுது கையில் எஞ்சியது சில அணாவே. அதனால் மாம்பழப்பட்டு வரை வண்டியிற் சென்று, அங்கிருந்து நடந்து, மாலையில் அறையணிநல்லூரை அடைந்தனர். திருஞானசம்பந்தப் பெருமான் அவ்வூர் மலைமீதிருந்து அண்ணாமலையைக் கண்டு தொழுத வரலாற்றினைப் பெரியபுராணத்தால் அறிவோம். அத்திருக்கோயிலிற் பெரியதோர் ஒளி தோன்றக்கண்டு உள்ளங்குளிர்ந்து இருந்தனர் வேங்கடராமன். இருட்டியபின் திருக்கோவலூர்க் கீழூர் வீரட்டானத்தில், கோயில் முழவிசைப்பார் தமக்குரிய சோற்றை உதவினர். மறுநாள் முத்துக்கிருட்டிண பாகவதர் என்பார் உணவளித்து, அவருடைய பொற்கடுக்கனை ஈடாக வைத்துக்கொண்டு நான்கு ரூபா நல்கினர். ஈட்டினை மீட்டற்பொருட்டு எழுதிப்பெற்ற முகவரித் தாளை அவர் உடனே கிழித்தெறிந்தனர். மீள்வது என்பதொன்று அவர் கருத்தில் இன்மை இதனால் விளங்கும்.

1896 செப்டம்பர் முதல் நாட் காலையில் திருவண்ணாமலையை எய்தினர். திருக்கோயிற் கதவங்கள் யாவும் திறந்திருந்தன. கருவறைக்கண் ஒருவரும் இலர். அண்ணாமலையார் திருமுன்பு நின்று, வந்துவிட்ட செய்தியை விண்ணப்பித்து வெளிப்போந்தனர். ஐயங்குளத்தருகே தலை மழித்து, எஞ்சிய காசினையும் பூணூலினையும் எறிந்து, ஆடையிற் கோவணத்தளவே கொண்டு மீண்டனர். மழித்தபின் நீராடாது மீண்டவரை, அந்நேரத்துப் பெய்த மழையே நீராட்டிற்று.

தலம் இவ்வாறு ஒருவழிப்பட்டு முடிந்தது. ஆயின், அத்தலத்துள் இருக்கும் இடம் முடிந்தபாடில்லை. முதலில் ஆயிரக்கால் மண்டபத்தில் இருந்தனர். சிறுவர் கல்லெறிந்து துன்புறுத்தவே, பகலொளி புகாத பாதாளலிங்கக் குகையுள் அடங்கினர். ஆண்டு எறும்பும் பூச்சியும் தொடைகளை அரித்துப் புண்படுத்தியதனையும் உணராதிருந்தாரை அன்பர்கள் தூக்கிக் கொணர்ந்து வெளியே சேர்த்தனர். காஞ்சிபுரத்தினின்றும் 1889-இலேயே வந்து அருணையிற் சித்தர்போல் உலவிய சேஷாத்திரி சுவாமிகள், இவ்விளைஞரது பெருமையை முன்னர் உணர்ந்து பேணியவராவர். பின்னர் முருகன் திருமுன்பிலும் பூஞ்சோலையிலும் வாகன மண்டபத்திலும் இலுப்பை மரத்தடியிலும் மாறிமாறி இருந்தனர்.

அந்நாளில் அண்ணாமலைத் தம்பிரான் என்னும் அடியார், இலுப்பை மரத்தடியிற் கண்மூடியிருந்த இளந்துறவியைக் கண்டு உருகி, நகர்ப்புறத்துக் கீழ்நாத்தூரிலுள்ள குருமூர்த்தத்திற்கு அழைத்தேகினர். குருமூர்த்தமாவது, குன்றக்குடித் திருவண்ணாமலை ஆதீனத்துத் தெய்வசிகாமணி தேசிகரது சமாதித் திருக்கோயில். 1897-ஆம் ஆண்டின் தொடக்கம் முதல் ஓராண்டிற்கு மேல் அங்கிருந்தனர். தேவாரம் ஓதும் தம்பிரான் ஒருவரும், சைவ ஆதீனத்துத் திருக்கோயில் ஒன்றுமே முனிவர்க்கு முதன்முதல் நிலையான உறையுள் அளித்தமை நம் மடாலயத்தார் நினைவிற் கொள்ளத்தக்கது. அங்கும் எறும்பின் தொல்லை மிக்கிருந்தது. பலகையின் கால்களை நீரில் நிறுத்தியும், சுவரிற் சாய்ந்தவழி அவை ஏறிவந்தன. பின்பு அருகிலிருந்த மாந்தோப்பிற்கும், அதன்பின் அருணகிரிநாதர் ஆலயத்திற்கும், பவழக்குன்றிற்கும் பெயர்ந்தனர். பழனிச்சாமி என்னும் மலையாள நாட்டன்பர் குருமூர்த்தத்தில் அவரை அடைந்து, அதுமுதல் பிரியாது தொண்டு புரிந்தனர்.

இந்நிலையில் வீட்டார்க்குச் செய்தி எட்டியது. மாந்தோப்பில் இருந்தபொழுது சிறிய தந்தையார் ஒருவர் வந்து அழைத்து, மறுமொழி பெறாது மீண்டனர். 1898 டிசம்பரில் அன்னையாரும் தமையனாரும் பவழக்குன்றினை அடைந்தனர். மைந்தனது சடைபட்ட தலையும் அழுக்கேறிய மெய்யும் கண்டு தாயுள்ளம் பட்ட பாட்டினை எழுதல் வேண்டா. நாடோறும் தின்பண்டங்கொண்டு மலையேறி அழைத்தனர், அழுதனர், கடிந்தனர். மைந்தர் வாய்திறந்திலர். சூழ இருந்தார் ஒருவர் பொறாது, பேசாவிடினும் எழுதியேனும் காட்டுமாறு வேண்டினர். அப்பொழுது தாளில் எழுதிக்காட்டிய கருத்தாவது: உயிர்களின் பிராரத்தத்திற்கு ஏற்ப அவற்றைச் செயற்படுத்துவான் ஒருவன் உளன், நிகழாதது எத்துணை முயலினும் நிகழாது, நிகழற்பாலதனை எது தடுப்பினும் நில்லாது, ஆதலின் மௌனமாயிருத்தலே நன்று என்பதாம்.

இதனைக் கன்னெஞ்சின் மொழி என்று கருதுவாரும் உளர். யாம் அங்ஙனம் கருதுகின்றிலேம். வினை சடமாகலின் தானே சென்று உயிரைப் பற்றமாட்டாது, அதனைக் கூட்டுவானாகிய முதல்வன் ஒருவன் வேண்டும் என்பது நம் சித்தாந்தத் துணிபு. பத்தொன்பது ஆண்டளவினராகிய இளைஞர், சாத்திரப்பயிற்சி சிறிதும் இன்றியே, வினையைக் கூறி அமையாது அதனைக் கூட்டுவானையும் உடன்கூறியமை நோக்கத்தக்கது. தாம் அங்கு இருத்தல் தம் விருப்பத்தான் அன்று, இருத்துவான் இருத்தலான் என்பதே அதன் உட்கிடை. விருப்பத்தாற் பற்றியதாயின் தாயின் கண்ணீர்முன் அதனை விடுதல் கடமையாகும். தம் விருப்பமின்றி நிகழ்ந்ததனைத் தாம் விடுதல் எவ்வாறு? ஆயினும் அன்னையார் வெறுங்கையராய் மீண்டனர் என்பதும் உண்மையே. அக்கடன் எவ்வாறு தீர்ந்தது என்பதனை மேலே காண்போம்.

1899-இல் மலைமீதுள்ள விரூபாட்சிக் குகையை அடைந்து, 1916 வரை அதன்கண் உறைந்தனர். விரூபாட்சி தேவரது சமாதியை உட்கொண்ட குகை அது. கன்னட நாட்டினின்றும் போந்து இம்மலையில் தவம் புரிந்த குகை நமச்சிவாயரும், அவர் மாணாக்கராகிய குருநமச்சிவாயரும், பிற்காலத்து ஈசானிய தேசிகரும் என இம்மலை ஞானியரை ஈர்த்த மரபு நெடிது. அவருள் குருநமச்சிவாயர் ஆசிரியரது ஆணைப்படி இம்மலையை விட்டுத் தில்லைக்குச் சென்று அங்கே தொண்டு புரிந்தனர் என்பது வரலாறு. அருள் ஒருவரை அண்ணாமலையில் நிறுத்தும். மற்றொருவரை அண்ணாமலையினின்றும் எழுப்பித் தில்லைக்கு ஏற்றும். இருவரும் தாமே தெரிந்திலர் என்பதில் ஒப்பர்.

விரூபாட்சிக் குகையில் வேனிற் காலத்து நீர் இன்மையின், அக்காலங்களில் மாமரத்துக் குகையிற் சென்று தங்குவர். கார்த்திகைத் தீபநாளில் அடியார் கூட்டத்தினிடம் சிறுபொருள் தண்டுவது குகைக்கு உரியோர் வழக்கம். முனிவரைக் காண வருவார் பெருகவே, எந்நாளும் அது தண்டப்படலாயிற்று. ஏழையர் தம்பொருட்டுப் பொருளிறுத்தல் தகாதென்று முனிவர் ஒன்றும் சொல்லாது எழுந்து மரத்தடியிலும் வேறொரு குகையிலும் சென்று தங்கினர். தண்டுதல் நீக்கப்பட்டபின் அழைத்தலும் மீண்டனர். இடத்தின்கண் உரிமையும் பாராட்டிலர், சினமும் கொண்டிலர்.

இக்குகையில் இருந்த காலத்தேதான், அன்பர் வினாக்கட்கு எழுத்தான் விடையளித்தனவும், அருணாசல அட்சரமணமாலை முதலிய துதிகளும் தோன்றின. ஆகம நூலாகிய தேவிகாலோத்தரத்தைத் தமிழாக்கியதும் அக்காலத்ததே. சர்வஞானோத்தரத்தின் ஆன்மசாட்சாத்காரப் பகுதியைப் பின்னாளில் தமிழ் விருத்தமாக்கினர். 1907-இல் வடமொழிப் புலவர் கணபதி முனிவர் அவரை அடுத்து அருள்பெற்று, பகவான் இரமண மகரிஷி என்னும் பெயரை வழங்குவித்தனர்.

1914-இல், காண வந்த அன்னையார் கடுஞ்சுரத்தால் வருந்தினர். வினைப்படி நிகழும் என்று ஒருகால் எழுதிக்காட்டியவரே, அன்னையார் நோய் நீங்கவேண்டி அண்ணாமலையாரை நோக்கி நான்கு பாடல்கள் பாடி இரந்தனர். நோய் நீங்கிற்று. ஞானி இரத்தல் பொருந்துமோ என்பார்க்கு, இரத்தலும் அவனருளே என்பது விடையாம்.

1916-இல் அன்னையார் தம் மனைவாழ்வினை முற்றும் விடுத்து மைந்தரிடமே வந்துற்றனர். அவ்வாண்டிலேயே, கந்தசாமி என்னும் அன்பர் மலையில் மேற்புறத்தே நெடுநாள் உழைத்துத் திருத்திய இடத்திற்கு யாவரும் பெயர்ந்தனர். கந்தாச்சிரமம் எனப்படுவது அது. ஆண்டு ஊற்றுநீர் உண்டு; கீழே திருக்கோயிலின் மதிலும் கோபுரங்களும் முழுதும் தோன்றும். அதுகாறும் நகரில் ஏற்ற பிச்சையே உணவாயிருந்தது. அன்னையார் வந்தபின் அடுப்பு மூட்டப்பட்டது. இளைய மைந்தரும் துறவு பூண்டு வந்து சேர்ந்தனர். மைந்தரை மனைக்கு அழைக்கவந்த தாயார், மனையை மைந்தரிருக்கும் மலைக்குக் கொணர்ந்தனர் என்னலாம்.

1922 மே 19-ஆம் நாள் அன்னையார் திருவடி சேர்ந்தனர். அன்று காலை முதல் இரவு உயிர் அடங்குங்காறும் முனிவர் ஒரு கையை அவர் நெஞ்சிலும் மற்றொரு கையை அவர் தலையிலும் வைத்து அருகிருந்தனர். உடம்பு எரியூட்டப்படாது, துறவியர்க்குரிய முறையில் மலையின் தென்னடிவாரத்திற் பாலித் தீர்த்தத்தின் அருகே சமாதி செய்யப்பட்டு, அதன்மேல் மாதுருபூதேசுவரர் என்னும் பெயராற் சிவலிங்கம் நிறுவப்பெற்றது. முனிவர் கந்தாச்சிரமத்தினின்றும் அடிக்கடி அங்கு இறங்கிவருவர். டிசம்பர்த் திங்களில் ஒருநாள் வந்தவர் மலைமேல் மீண்டிலர். தாம் எண்ணித் துணிந்து செய்ததன்று எனப் பின்னர்த் தெரிவித்தனர். அங்கிருந்த ஓலைக்குடிலே இரமணாச்சிரமமாக வளர்ந்தது. அன்னையார் அழுதழைத்தும் அசையாதிருந்தவர், அன்னையார் வாய்திறவாது துயிலும் இடத்தே தாமே வந்து அமர்ந்து, எஞ்சிய 27 ஆண்டுகளையும் அங்கே கழித்தனர். முன்னர்த் தாயாரை வெறுங்கையராய் மீளவிட்ட கடன் தீர்ந்தவாறு இதுவென்க.

மலையை வலம்வருதலில் முனிவர்க்குப் பெருவிருப்பு. நடந்தும் இருந்தும் ஓரிரவு முழுதும் செல்வதுண்டு. சிலகால் இரண்டு மூன்று நாளும் ஆவதுண்டு. அவர் எழுந்தால் ஆச்சிரமத்தில் ஒருவரும் தங்க இசையாது உடன் எழுந்தமையின், 1926-ஐ அடுத்து அதனையும் நிறுத்திக்கொண்டனர். ஆயினும் பிறரை வலம்வருமாறு ஊக்குதலை விட்டிலர். பிற மலைகள் சிவபெருமான் உறையுமிடம், இது அப்பெருமானது வடிவமே என்பது அவர் கொண்ட கருத்து. அங்ஙனங் கருதியவர், மனைவாழ்வை விட்டு அங்கேயே வந்து உறைய விழைந்த அன்பர்களை அதற்குத் தூண்டினாரல்லர். இருக்கும் இடத்திலிருந்தே உள்நோக்குமாறு பெரும்பாலும் அறிவுறுத்தினர். நினைத்தல் எங்கிருந்தும் இயலும் என்னும் பழவழக்கினை அவர் மறுத்திலர் என்பது இதனாற் பெறப்படும்.

1939 செப்டம்பர் முதல் நாள் தொடங்கிய மாதுருபூதேசுவரர் கருங்கற்றிருப்பணி நிறைவெய்தி, 1949 மார்ச்சு 17-இற் குடமுழுக்கு நிகழ்ந்தது. அதற்கு முன்னரே முனிவரது இடக்கையிற் புற்றுநோய் தோன்றியிருந்தது. அவ்வாண்டில் நான்குமுறை அறுவை நிகழ்ந்தும் தீர்ந்திலது. கையைத் துணித்தற்கு மருத்துவர் கூறியதற்கு அவர் இசைந்திலர். பிரிவு நேருமே என்று கலங்கிய அன்பர்க்கு, தாம் சென்றடைதற்கு வேறோர் இடம் இல்லை என்னும் கருத்துப்படக் கூறித் தேற்றினர். 1950 ஏப்ரல் 14-ஆம் நாள் இரவு, அன்பர்கள் அட்சரமணமாலை ஓதாநிற்ப, உடம்பினை நீத்தனர். அன்னையார் சமாதித் திருக்கோயிலின் அருகே அவர் சமாதியும் அமைந்தது.

இனி, முதற்கண் எழுப்பிய ஐயத்தினை நோக்குவாம். உறைவிடந் தெரிவார் நீர்வளம், உணவு, நல்லினம், அமைதி என்பனவற்றை நாடுதல் உலகியல்பு. முனிவர் இருந்த இடங்களில் ஒன்றில் நீரில்லை, ஒன்றில் இருளும் பூச்சியும், ஒன்றில் எறும்பு, ஒன்றிற் கூட்டம். அவ்விடங்களிற் பலவற்றிற்கு அவரைக் கொணர்ந்தார் பிறரே. பாதாளலிங்கத்தினின்றும் தூக்கிவந்தார் சிலர். குருமூர்த்தத்திற்கு அழைத்தார் தம்பிரான். மேன்மலையைத் திருத்தினார் கந்தசாமி. அடிவாரத்தில் நிறுத்தியது அன்னையார் சமாதி. தலத்தை அருள் தெரிந்தது. இடத்தை அன்பு தெரிந்தது. அவர் இரண்டிற்கும் இசைந்தனர்.

எங்கும் நிறைந்த சிவத்தை உணர்ந்தார்க்கு ஓரிடம் எற்றுக்கு எனின், அதற்கு விடை சிவஞானபோதத்துப் பன்னிரண்டாஞ் சூத்திரத்தில் உளது. மலமற்ற ஞானியும் அடியாரோடு கூடி, அவர் வேடத்தினையும் ஆலயத்தினையும் சிவமெனவே கண்டு வழிபடல் வேண்டும் என்பது ஆண்டுக் கூறப்பட்டது. எங்குமுளான் எனினும் அவன் விளங்கித் தோன்றும் இடம் உண்டு. அவ்விடத்தை விட்டு நீங்குதற்கு அன்பு இசையாது. ஆதலின் உறைதல் நினைத்தற்கு வேண்டப்படுவதன்று. நினைத்தல் முதிர்ந்தவழி நிகழ்வது எனத் தெளிக.

மடங்களில் உறைவோரும் மனையறத்து நிற்போருமாகிய நம்மனோர், இவ்விடம் நன்று, அவ்விடம் தீது என ஓயாது எண்ணி மாறுதலினும், இருத்தப்பட்ட இடத்திற் செய்யற்பாலதாகிய தொண்டினை அறிந்து செய்தல் தக்கது. பெயர்க்கப்படுங்காற் பெயர்வதற்குத் தடையாவதொன்றும் கையிற் கொள்ளாதிருத்தலும் உடன்வேண்டும். கடுக்கனுக்குரிய தாள் கிழிக்கப்பட்ட திருக்கோவலூர் நிகழ்ச்சியை யாம் அடிக்கடி நினைத்தல் நலம்.

திருச்சிற்றம்பலம்.